கோவைச் சிறைத் தீர்ப்பு: கைதிக்கு என்ன உரிமை, அதைக் கேட்பது யார்?

2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு பலரைக் குழப்பியது. சிறையில் விரும்பிய உணவைக் கேட்பது அடிப்படை உரிமை ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதாகச் சில செய்திகள் வந்தன. மாற்றுத்திறனாளிக் கைதிகளுக்காகத் தமிழ்நாட்டுச் சிறைகள் அனைத்தும் மாற வேண்டும் என்று அதே நீதிமன்றம் கட்டளையிட்டதாக வேறு சில செய்திகள் வந்தன. இரண்டும் சரியான செய்திகளே. இரண்டும் ஒரே தீர்ப்பைப் பற்றியவை.

வழக்கின் ஊற்றுக்கண் கோவை மத்திய சிறை. தசைச் சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட வழக்கறிஞர் ஒருவர் 2020இல் கைதாகி அங்கே அடைக்கப்பட்டார். தன் உடல்நிலைக்குத் தேவையான புரதச் சத்துள்ள உணவும் சிகிச்சையும் வசதிகளும் கிடைக்கவில்லை என்று முறையிட்டார். மாநில மனித உரிமை ஆணையம் 1 லட்சம் ரூபாய் இழப்பீடு பரிந்துரைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை 5 லட்சமாக உயர்த்தியது. இன்னும் கூட்டித் தரக் கேட்டபோது உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. முட்டையும் கோழிக்கறியும் கொட்டைப் பருப்பும் நாள்தோறும் தரப்படவில்லை என்பதை மட்டும் வைத்து உரிமை மீறல் என்று சொல்லிவிட முடியாது என்றது. ஆனால் அத்தோடு கோப்பை மூடவில்லை. மாற்றுத்திறனாளிகளை வைத்துக்கொள்ளும் நிலையில் சிறைகள் இல்லை என்பதையும் ஏற்றுக்கொண்டு, மாநில அரசுக்கு வரிசையாகக் கட்டளைகளைப் பிறப்பித்தது.

உணவுச் செய்திதான் அதிகம் பேசப்பட்டது. கட்டளைகள்தான் முக்கியமானவை. அவை என்ன, அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டியவர்கள் யார் என்பதைப் புரிந்துகொள்ள, சிறையின் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

உள்ளே இருப்பவர் யார்?

சிறையில் இருப்பவர்கள் எல்லாரும் குற்றவாளிகள் என்ற எண்ணமே முதல் தடை. சட்டத்தின் பார்வையில் அவர்கள் மூன்று வகை.

1. விசாரணைக் கைதி: வழக்கு முடியாதவர். சட்டப்படி இவர் இன்னும் நிரபராதி.
2. தண்டனைக் கைதி: குற்றம் நிரூபிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவர். ஆயுள் சிறைவாசிகள் இதில் அடக்கம்.
3. தடுப்புக் காவல் கைதி: ‘குண்டாஸ்’ என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டம் போன்றவற்றின் கீழ், விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை வைக்கப்படுபவர்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நாடு முழுவதும் சிறையில் இருந்த 5.73 லட்சம் பேரில் சுமார் 76 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். நான்கு பேரில் மூன்று பேர் குற்றம் நிரூபிக்கப்படாமலே உள்ளே இருக்கிறார்கள். ‘குற்றவாளிக்கு எதற்கு உரிமை?’ என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

உரிமை எங்கிருந்து வருகிறது?

சிறை மாநில அதிகாரப் பட்டியலில் இருப்பது. ஆனால் அடித்தளச் சட்டம் இன்னும் 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம்தான். அதன்மேல் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறை விதிகள். கைதியை எப்படிக் காவலில் வைப்பது என்பதே வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தின் கவலை. அவனுக்கு என்ன உரிமை உண்டு என்பது அன்று.

அந்த இடைவெளியை, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவைக் கொண்டு நீதிமன்றங்கள் நிரப்பின. சிறைக்குள் போகிறவன் நடமாடும் சுதந்திரத்தை இழக்கிறான். மனிதனாக நடத்தப்படும் உரிமையை இழப்பதில்லை. இதுதான் 1978 முதல் வந்த தீர்ப்புகளின் சாரம். அந்தத் தீர்ப்புகள் எப்படிப் பிறந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். சக கைதி ஒருவர் சித்திரவதை செய்யப்பட்டதைக் கண்டு, மரண தண்டனைக் கைதியான சுனில் பத்ரா உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதம் 1979 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. பீகார் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றி நாளிதழில் வந்த கட்டுரைகளைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி தொடுத்த வழக்கு, 1979இல் ஹுசைனாரா காத்தூன் தீர்ப்பாயிற்று. விரைவான விசாரணையும் இலவச சட்ட உதவியும் உரிமை என்று ஆனது அப்படித்தான். அரசு தானாக முன்வந்து கொடுத்தது இதில் ஏதுமில்லை. யாரோ பார்த்தார்கள், எழுதினார்கள்.

கொங்கு மண்ணின் பழைய கணக்கு

இந்தப் பகுதிக்குச் சிறை புதிய விஷயம் அன்று. வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்தது கோவைச் சிறையில். அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாதது 1950 பிப்ரவரி 11. அன்று சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் கொல்லப்பட்டார்கள். தங்களை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்று போராடியவர்கள் அவர்கள். பெரும்பாலோர் மலபாரைச் சேர்ந்தவர்கள். குடியரசு பிறந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது.

அடுத்தது சத்தியமங்கலம் மலைப்பகுதி. வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலத்தில் தமிழகத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பிடிக்கப்பட்ட மலைமக்களும் சிற்றூர்க்காரர்களும் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மைசூர்ச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். 2001இல் தடா நீதிமன்றம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை விடுவித்தது. அதிரடிப்படையின் அத்துமீறல்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது. ஆணையத்தின் முன் அந்த 89 பேர் தாமாக வந்து நின்றுவிடவில்லை. பழங்குடி அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் மலைக்கிராமங்களில் வீடுவீடாகப் போய் வாக்குமூலம் சேகரித்தன. பயந்தவர்களைப் பேச வைத்தன. சிறை உரிமைப் பணி என்பதில் கோஷத்துக்கு உள்ள பங்கு சிறிது. பெயர், தேதி, ஊர், காயம் என்று எழுதிச் சேர்க்கும் வேலைக்கு உள்ள பங்கு பெரிது.

இங்கே நெரிசல் அல்ல முதல் பிரச்சினை

இந்தியச் சிறைகள் என்றாலே நெரிசல் என்று எழுதிவிடுவது வழக்கம். 2022 கணக்கில் நாட்டின் சராசரி, 100 பேருக்கான இடத்தில் 131 பேர். தமிழ்நாட்டின் நிலை அப்படி இல்லை. மாநிலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கொள்ளளவுக்குள்தான் இருக்கிறது. எனவே உத்தரப் பிரதேசத்துக்கோ டில்லிக்கோ எழுதிய மருந்துச் சீட்டை அப்படியே கோவைக்குக் கொண்டுவந்தால் நோய் தீராது.

இங்குள்ள நோய் வேறு: கைதிக்கு வெளியே ஆள் இல்லாமல் போவது. இரண்டு உதாரணங்களைப் பார்க்கலாம்.

தாளவாடி மலையில் ஒரு குடும்பம். மகன் கோவைச் சிறையில். சிறைக்குப் போய்ப் பார்ப்பதை ‘மனு பார்ப்பது’ என்பார்கள். அதற்காகத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சத்தியமங்கலம் வந்து, அங்கிருந்து கோவைக்கு பஸ் மாற வேண்டும். வனவிலங்குகளுக்காக அந்தப் பாதையில் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் இருக்கிறது, நியாயமான கட்டுப்பாடுதான். ஆனால் மனுவுக்கான நேரம் தவறினால் ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் போய்விடும். மகனின் முகத்தையும் பார்த்திருக்க முடியாது. இப்படி இரண்டு முறை திரும்பியவர்கள் மூன்றாம் முறை கிளம்புவதில்லை. பார்க்க ஆள் வராத கைதிக்கு வக்கீலிடம் பேசவும் ஆள் இல்லை, மருந்துச் சீட்டை நினைவூட்டவும் ஆள் இல்லை.

திருப்பூரும் உள்ளூர் ஜாமீன்தாரரும்

இரண்டாவது உதாரணம்தான் இன்றைய கொங்கு மண்ணுக்கே உரியது. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், கோவை வார்ப்பாலைகளிலும், ஈரோடு சாயப் பட்டறைகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் சிறு திருட்டு வழக்கிலோ அடிதடியிலோ கைதாகிறார் என்று வையுங்கள். ஜாமீன் கிடைக்கிறது. ஆனால் உத்தரவின் அடியில் நிபந்தனை: இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும்; பல உத்தரவுகளில், அவர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும்.

ஜாமீன்தாரர் என்பவர், ‘இவர் ஓடிவிட்டால் நான் பணம் கட்டுகிறேன்’ என்று நீதிமன்றத்தில் பிணை நிற்பவர். வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் கொண்டுவர வேண்டும். வாடகை அறையில் எட்டுப் பேரோடு தங்கியிருக்கும் தொழிலாளிக்கு வீட்டு வரி ரசீது வைத்திருக்கும் நண்பர் எங்கிருந்து வருவார்? முதலாளியோ ஏஜென்டோ வழக்கு என்றதும் கழன்றுகொள்வார். ரத்த உறவு ஆயிரம் மைலுக்கு அப்பால், ரயில் டிக்கெட்டுக்கே கடன் வாங்கும் நிலையில் இருக்கும். ஆக, நீதிமன்றம் ‘போகலாம்’ என்று சொன்ன பிறகும் அந்த ஆள் உள்ளேயே இருக்கிறார். காசு வாங்கிக்கொண்டு பிணை நிற்கும் ஆட்கள் நீதிமன்ற வாசல்களில் உலவுவதற்கும் இதுதான் காரணம்.

இது சட்டம் அறியாத சிக்கல் அன்று. 1978இல் மோதிராம் வழக்கில், ஜாமீன்தாரர் வேறு மாவட்டத்தவர் என்பதற்காக ஒரு கொத்தனாரை வெளியே விட மறுத்ததை நீதிபதி கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். பஸ்தாரிலோ சாந்தினி சவுக்கிலோ ஒரு தமிழரோ மலையாளியோ கைதானால் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்ற பொருளில் கேட்டார். அன்று தமிழருக்காகக் கேட்கப்பட்ட கேள்வியை இன்று ஒடியர் ஒருவர் நம்மிடம் கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறோம்.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவான வழிமுறையே வகுத்தது:

1. ஜாமீன் உத்தரவின் மின்நகலை அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்குச் சேர்க்க வேண்டும்.
2. ஏழு நாளில் கைதி வெளியே போகவில்லை என்றால், கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.
3. ஒரு மாதத்தில் பிணைப் பத்திரம் தர முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம்.
4. உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனை விடுதலையைத் தாமதப்படுத்தினால், அதை விதிக்காமல் இருக்கலாம்.

இதோடு மத்திய அரசின் ஏழைக் கைதிகள் உதவித் திட்டம் 2023இல் வந்தது. அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை, ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை மாவட்டக் குழு அனுமதிக்கலாம் என்பது அப்போதைய விதி. போதைப்பொருள் வழக்கு, பணமோசடித் தடுப்பு வழக்கு போன்றவற்றுக்குப் பொருந்தாது.

அந்த ஏழு நாளை யாராவது எண்ணிக்கொண்டிருந்தால்தான் உச்ச நீதிமன்ற வழிமுறையின் இரண்டாவது விதிக்கு உயிர். எண்ணுவதற்குக் கைதியின் பெயர்ப் பட்டியலும், அவருடைய மொழி தெரிந்த ஒருவரும் வேண்டும். ஒடியாவும் இந்தியும் தெரிந்த தொழிற்சங்கக்காரர்கள் திருப்பூரில் இருக்கிறார்கள். சட்ட உதவி மையத்தோடு அவர்களை இணைப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று.

பாதித் தண்டனை, மூன்றில் ஒரு பங்கு

அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இன்னொன்று: புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு. ஒரு குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவருக்கு ஜாமீன். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடையாது. இங்கேதான் பலர் விழுந்துவிடுகிறார்கள். விண்ணப்பம் போட வேண்டிய கடமையைச் சட்டம் சிறைக் கண்காணிப்பாளர் மேலேயே வைத்திருக்கிறது. இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலைக்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொல்லிவிட்டது.

வெளியாட்களுக்குத் திறந்திருக்கும் வாசல்கள்

சிறைக்குள் நடப்பதைக் கேட்க நமக்கு என்ன அதிகாரம் என்ற தயக்கம் உண்டு. சட்டம் அப்படித் தயங்கவில்லை.

1. சட்டப் பணிகள் ஆணைக்குழு. காவலில் இருக்கும் எவருக்கும், வருமான வரம்பே பார்க்காமல், 1987ஆம் ஆண்டுச் சட்டம் இலவச வக்கீலைத் தருகிறது. உதவி எண் 15100. சட்டம் படிக்காத பொதுமக்களும் சட்டத் தன்னார்வலராகப் பயிற்சி பெற்று, சிறைச் சட்ட உதவி மையத்தில் வேலை செய்யலாம்.

2. அலுவல்சாராப் பார்வையாளர்கள். அரசு ஊழியரல்லாத இவர்கள் சிறைக்குள் போய்ப் பார்த்து, கைதிகளிடம் பேசி, குறிப்பேட்டில் எழுதலாம். இவர்களை நியமிப்பது பற்றி 2015இல் டி.கே.பாசு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. கட்சிக்காரர்களுக்கு மரியாதைப் பதவியாகக் கொடுத்தால் இதில் ஒரு பயனும் இல்லை. ஓய்வுபெற்ற ஒரு செவிலியரை நியமித்தால் சிறை மருத்துவமனையின் நிலை ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

3. விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு. மாவட்ட நீதிபதி தலைமை. ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், சட்டப் பணிகள் செயலாளர், சிறைக் கண்காணிப்பாளர் உறுப்பினர்கள். இந்தக் குழு எத்தனை முறை கூடியது, எத்தனை பேரை விடப் பரிந்துரைத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

4. காவல் மரணம். சிறையில் எவர் இறந்தாலும் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். அந்த விசாரணையில் வாக்குமூலம் கொடுக்க உறவினருக்கு இடம் உண்டு என்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

சாதி வார்டு

பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, சாதி பார்த்துக் கைதிகளுக்கு வேலையும் வார்டும் ஒதுக்குவது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று அறிவித்தது. பதிவேட்டிலுள்ள சாதிக் கட்டத்தை நீக்கச் சொன்னது. அதில் தமிழ்நாட்டின் பெயரும் வந்தது: பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகத் தொகுதி பிரித்திருந்ததற்கு, மோதலைத் தவிர்க்கவே அப்படி என்று சொல்லப்பட்டது. முன்பு சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அந்தச் சமாதானத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தெற்கத்திச் சங்கதி என்று கோவையும் சேலமும் ஒதுங்க முடியாது. சாதி வன்முறை வழக்குகளுக்குக் கொங்கு மாவட்டங்களிலும் பஞ்சமில்லை; எதிரெதிர்த் தரப்பினர் ஒரே சிறைக்குத்தான் வருகிறார்கள். தீர்ப்பு நடைமுறையில் இருக்கிறதா என்று சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் பார்வையாளர் குழுவும் சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு.

ஆயுள் சிறைவாசிகள்: கோவையின் கடினமான கேள்வி

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்பது தவறான நம்பிக்கை. ஆயுள் என்றால் ஆயுள்தான். கொலை போன்ற வழக்குகளில் 14 ஆண்டு முடிந்தபின் முன்விடுதலையைப் பரிசீலிக்கலாம், அவ்வளவே. தண்டனையைக் குறைக்க அரசியல் சட்டத்தின் 161ஆம் பிரிவில் ஆளுநருக்கு உள்ள அதிகாரம் தனி. அதை அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் பயன்படுத்த வேண்டும் என்பது 2022இல் பேரறிவாளன் தீர்ப்பில் மீண்டும் உறுதியாயிற்று.

1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 பேரைப் பலிகொடுத்த ஊர் கோவை. அந்த வழக்கின் ஆயுள் சிறைவாசிகளை விடுவிக்கக் கோரும் குரலும் அந்த ஊரிலிருந்தே எழுகிறது. விடுவிக்கக் கூடாது என்ற குரலும் அங்கிருந்தே எழுகிறது. இரண்டு பக்கமும் வலி இருக்கிறது. அரசு அமைத்த நீதிபதி ஆதிநாதன் குழுவின் பரிந்துரைக்குப் பின் 49 கைதிகளின் கோப்புகள் 2023 ஆகஸ்டில் ஆளுநருக்குப் போயின. இதில் உரிமை என்பது ‘விடுதலை’ அன்று; மதத்தையோ வழக்கின் பெயரையோ பார்க்காமல், வயது, உடல்நிலை, நடத்தை ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொருவர் மனுவும் காலத்துக்குள் பரிசீலிக்கப்படுவது. இல்லை என்பதானால் காரணத்தோடு இல்லை என்று எழுத வேண்டும். பதிலே சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது எந்தச் சட்டத்திலும் தண்டனையாக எழுதப்பட்டிருக்கவில்லை.

பிளிச்சிக்குப் போகும் சிறை

1872இல் எழுந்த கோவைச் சிறை காந்திபுரத்தில், பஸ் நிலையங்களுக்கு நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அதன் நிலத்தின் ஒரு பகுதியில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. சிறையைப் பெரியநாயக்கன்பாளையம் பக்கம் பிளிச்சிக்கு மாற்றும் திட்டம் நடக்கிறது. ஊருக்குப் பூங்கா நல்லது. நூற்றைம்பது ஆண்டுப் பழைய கட்டடத்திலிருந்து கைதிகள் வெளியேறுவதும் நல்லது.

2025 ஜூலைத் தீர்ப்பின் கட்டளைகள் இங்கேதான் பொருந்துகின்றன. சேர்க்கையின்போதே உடல் குறைபாட்டைப் பதிவு செய்வது, சாய்தளமும் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும், இயன்முறை சிகிச்சைக்கான இடம், உடல்நிலைக்கேற்ற உணவு, மாற்றுத்திறனாளிகள் புழங்க முடிகிறதா என்று பார்க்கும் அணுகல் தணிக்கை எல்லாச் சிறைகளிலும் ஆறு மாதத்துக்குள், மாற்றுத்திறனாளி அமைப்புகளோடு அவ்வப்போது கலந்தாலோசனை. பழைய சுவரை இடித்துச் சாய்தளம் வைப்பது கடினம். புதிய சிறைக்கு வரைபடத்திலேயே வைத்துவிடலாம். கோவையிலுள்ள மாற்றுத்திறனாளி அமைப்புகள் இதை இப்போதே எழுத்தில் கேட்கலாம். கூடவே இவற்றையும் கேட்க வேண்டும்: காந்திபுரத்திலிருந்து பிளிச்சிக்கு மனு நேரத்துக்கு ஏற்ப பஸ் உண்டா? கைக்குழந்தையோடு வரும் பெண்கள் காத்திருக்க நிழலும் கழிப்பறையும் வாசலில் இருக்குமா? நீலகிரியிலிருந்தும் தாளவாடியிலிருந்தும் வருபவர்கள் நேரம் தவறினால் அன்றே பார்க்க விதிவிலக்கு தரப்படுமா? ஒப்பந்தப்புள்ளி முடிந்து கட்டடம் எழும்பிய பிறகு, இவற்றில் பஸ்ஸைத் தவிர வேறெதையும் எளிதில் மாற்ற முடியாது.